நூறு கிராம் கொய்யாவும் ஒரு பிடி மல்லியும்



இன்று பேச எடுத்துக்கொண்டவை இரண்டு பொருள்கள்: கொய்யாப்பழம், கொத்தமல்லித் தழை. ஒன்று தள்ளுவண்டியில் கூறு கட்டி விற்பது. மற்றொன்று, காய்கறி வாங்கினால் பல கடைகளில் கொசுறாகவே பைக்குள் விழுவது. இரண்டில் எதில் சத்து அதிகம் என்று கேட்டால் பலரும் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ‘பழம்தான், அதில் என்ன சந்தேகம்’ என்பார் ஒருவர். ‘மல்லியில் இரும்புச்சத்து இருக்கிறதே, இலைக்கு ஈடு உண்டா’ என்பார் அடுத்தவர். இருவரும் வெறும் நம்பிக்கையில் பேசுவதில்லை. கையில் ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, நம் தட்டுக்கு வரும்போது அவை என்ன ஆகின்றன என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த எண்களின் கதை. இந்திய உணவுப் பொருள்களைப் பகுத்தாய்ந்து அட்டவணை போடும் வேலை நம் நீலகிரி மலையில் வேர்விட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. அந்தச் சிறு பிரிவு வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆயிற்று. மெக்காரிசனுக்குப் பிறகு பொறுப்பேற்ற அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்தச் சிறு நூலை விரிவாக்கிப் பல தலைமுறை மாணவர்களின் பாடநூலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். நூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்து 2019இல் மறைந்த அந்தப் பெரியவரின் பெயரை உணவு பற்றிப் பேசும் எந்த மேடையிலும் நன்றியோடு சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். 2017இல் அதே நிறுவனம், நாடு முழுவதிலுமிருந்து மாதிரிகளைத் திரட்டி, 528 உணவுப் பொருள்களுக்குப் புதிய அட்டவணையை வெளியிட்டது.

இனி எண்களுக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு வசதியாக அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். இந்திய எண்ணைச் சொல்லும் இடத்தில் அது இந்திய எண் என்று சொல்லிவிடுவேன்.

நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 228 மில்லிகிராம். நம் நாட்டு அட்டவணைகளிலும் இது 200க்கு மேல்தான் இருக்கிறது. நூறு கிராம் என்றால் நடுத்தர அளவுள்ள ஒரு பழம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஆக, ஒரே ஒரு கொய்யா ஏறத்தாழ மூன்று நாள் தேவையைத் தாங்கி நிற்கிறது. ஆரஞ்சில் இதே நூறு கிராமுக்கு 53 மில்லிகிராம்தான் உண்டு. ஆப்பிளில் ஐந்துகூட முழுதாக இல்லை. மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது நாம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோம். கொய்யா வாங்கிப் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இன்னும் பேசுவேன்.

கொய்யாவின் இரண்டாவது செல்வம் நார்ச்சத்து. நூறு கிராமுக்கு ஐந்து கிராமுக்கு மேல். பல்லில் சிக்குகிறது என்று நாம் வெறுக்கும் அந்த விதைகளுக்கும் அதில் பங்கு உண்டு. சர்க்கரை ஒன்பது கிராம் அளவில்தான். மொத்த ஆற்றல் 68 கிலோ கலோரி. பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. சிவப்புக் கொய்யாவாக இருந்தால் தக்காளியைச் சிவக்க வைக்கும் லைக்கோபீனும் கணிசமாகக் கிடைக்கும். வெள்ளைக் கொய்யாவில் அதை எதிர்பார்க்க முடியாது. இரும்போ கால் மில்லிகிராம், இல்லை என்றே சொல்லிவிடலாம்.

மல்லித்தழையின் கணக்கு வேறு. நூறு கிராமில் 92 கிராம் தண்ணீர். ஆற்றல் 23 கிலோ கலோரி. வைட்டமின் சி 27 மில்லிகிராம், கொய்யாவில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் பீட்டா கரோட்டீன் கிட்டத்தட்ட 3,900 மைக்ரோகிராம். கொய்யாவில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு. உடல் வைட்டமின் ஏவை உண்டாக்கிக்கொள்வது இந்தக் கரோட்டீனிலிருந்துதான். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே 310 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சொல்லும் அளவு 55தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃபோலேட் 62 மைக்ரோகிராம். இதில் கொய்யாவும் 49 என்று அருகிலேயே நிற்கிறது. கால்சியம் 67 மில்லிகிராம், இரும்பு 1.8 மில்லிகிராம்.

இந்த இரும்பில் சற்று நிற்க வேண்டும். ‘மல்லி ரத்தத்தை ஊற வைக்கும்’ என்ற பேச்சு நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு அட்டவணையும் ஒரு காரணம். நம் நாட்டுப் பழைய அட்டவணையில் மல்லித்தழையின் இரும்பு நூறு கிராமுக்கு 18.5 மில்லிகிராம் என்று இருந்தது. பின்னர் திருத்திய பதிப்பில் அது 1.42 என்று இறங்கியது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இலை ஒன்றுதான், அளந்த முறை மாறியது. கீரை வகைகளில் இரும்பை அளப்பது எளிய வேலை இல்லை. மண்ணிலேயே இரும்பு நிறைந்திருக்கிறது. இலையிலும் தண்டிலும் ஒட்டிய புழுதி முற்றாகக் கழுவப்படாமல் ஆய்வுக்குப் போனால், மண்ணின் இரும்பும் இலையின் கணக்கில் ஏறிவிடும். அந்த மண் இரும்பில் பெரும்பகுதியை உடலால் எடுத்துக்கொள்ள முடியாது. பழைய எண் புத்தகங்களிலிருந்து போய்விட்டது. மக்கள் வாயிலிருந்து போகவில்லை. வைட்டமின் சியிலும் இதே கதை உண்டு. பழைய இந்திய அட்டவணை மல்லிக்கு 135 மில்லிகிராம் கொடுத்தது. இன்றைய அளவீடுகள் அதில் கால் பங்கைக்கூட எட்டுவதில்லை. பறித்த நேரம், வாடிய அளவு, விதைத்த ரகம், அளக்கும் கருவி என்று எத்தனையோ காரணங்கள் சேர்ந்து இப்படி ஆகலாம். அதனால் அட்டவணை பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எந்த ஆண்டில், எப்படி அளக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அடுத்து, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒன்று. அட்டவணை நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று நிறுத்துப் பார்க்கிறது. நாம் அப்படி உண்பதில்லை. கொய்யாவை முழுப் பழமாகக் கடித்துத் தின்கிறோம். அது நூறு கிராம், சில சமயம் இருநூறு. மல்லியையோ ரசத்தின் மேல் கிள்ளிப் போடுகிறோம். நான்கு பேர் குடிக்கும் ரசத்தில் பத்து கிராம் தழை மிதந்தால் பெரிது. தலைக்கு இரண்டரை கிராம். அந்த இரண்டரை கிராமில் இரும்பும் இல்லை, கால்சியமும் இல்லை. வைட்டமின் சி முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும், கொதிக்கிற ரசத்தில் அதுவும் நிற்காது. மணம் இருக்கிறது. மணமும் உணவுக்கு வேண்டியதுதான், பசியைத் தூண்டுவதே மணம். ஆனால் அந்த மணத்தைச் சத்து என்று எண்ணி மனநிறைவு அடைந்துவிடக் கூடாது.

கலோரிக்குக் கலோரி ஒப்பிடுவது என்று இன்னொரு வழக்கம் உண்டு. எடை குறைக்கச் சொல்லும் நூல்கள் இந்த முறையை விரும்பும். நூறு கலோரி கொய்யாவுக்கு ஒன்றரைப் பழம் போதும். நூறு கலோரி மல்லிக்கு நானூறு கிராமுக்கு மேல் தழை வேண்டும். அந்த ஒப்பீட்டில் மல்லி எல்லாப் பழங்களையும் தோற்கடித்து உயரத்தில் போய் உட்காரும். நானூறு கிராம் மல்லித்தழையை ஒரே நாளில் யார் சாப்பிடுவார்கள்? யாரும் உண்ணாத அளவில் கிடைத்த வெற்றியால் வயிற்றுக்கு என்ன பயன்? ஆகவே ஒப்பிடுவதானால் நம் வீட்டுப் பந்தியில் விழும் அளவைக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

அப்படியானால் மல்லியின் அளவைக் கூட்ட வழி இல்லையா? இருக்கிறது. நம் பாட்டிமார் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். துவையல். நூறு கிராம் தழையை இளந்தண்டோடு அரிந்து, எண்ணெயில் ஒரு வதக்கு வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, தேங்காய் வைத்து அரைத்தால் நான்கு பேருக்குத் தலைக்கு இருபத்தைந்து கிராம் தழை போய்ச் சேருகிறது. ரசத்தில் மிதந்ததைப் போலப் பத்து மடங்கு. இந்த இருபத்தைந்து கிராமில் வைட்டமின் கே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். வைட்டமின் ஏ, அட்டவணைக் கணக்கில் 84 மைக்ரோகிராம். ஒரு பெண்ணின் நாள் தேவை 840 என்பதால் பத்தில் ஒரு பங்கு. ஒரு தொடுகறி பத்தில் ஒரு பங்கைத் தருவது சின்ன விஷயம் இல்லை. புதினா சேர்த்தாலும் சரி, கறிவேப்பிலை சேர்த்தாலும் சரி, இலையின் அளவு கூடுவதுதான் கணக்கு. மல்லி சாதமாகக் கிளறிப் பள்ளிக்கூட டப்பாவில் வைத்தால் தழையை ஒதுக்கும் பிள்ளைகளும் தின்றுவிடும்.

இரும்பு மட்டும் இப்போதும் அரை மில்லிகிராமைத் தாண்டாது. 2017ஆம் ஆண்டு இந்திய அட்டவணை தழையின் இரும்பைச் சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது. அதன்படி பார்த்தாலும் ஒன்றரை மில்லிகிராமை எட்டாது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 29 மில்லிகிராம். எந்த அட்டவணையை நம்பினாலும் மல்லியை நம்பி ரத்தசோகையைத் தீர்க்க முடியாது. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை, கவலையோடு சொல்கிறேன். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் தாய்மார்களை இரண்டு வரிசையாகப் பிரித்தால், ஒரு வரிசை முழுவதும் என்று பொருள்.

துவையலில் எண்ணெயும் தேங்காயும் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கரோட்டீன் கொழுப்பில் கரைவது. கொழுப்பே இல்லாத உணவோடு போனால் அதில் பெரும்பகுதி குடலைக் கடந்து வெளியேறிவிடும். ஆகவே அந்த இரண்டு தேக்கரண்டி எண்ணெய் வீண் செலவு இல்லை. இலையை அரைப்பதும் வதக்குவதும் அணுக்களின் சுவரை உடைத்துக் கரோட்டீனை வெளியே விடுகின்றன. பச்சையாக மென்று தின்றால்தான் முழுச் சத்து என்ற கருத்து வைட்டமின் சிக்குப் பொருந்தும், கரோட்டீனுக்குப் பொருந்தாது.

இங்கே ஜாவாவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். 1995இல் டி பே, வெஸ்ட் ஆகியோரின் குழு, மேற்கு ஜாவாவில் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பல வாரங்கள் கரும்பச்சைக் கீரைகளைக் கொடுத்துப் பார்த்தது. அட்டவணைப்படி அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் ஏ உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை. லான்செட் இதழில் வந்த அந்த முடிவு ஊட்டச்சத்து உலகத்தையே உலுக்கியது. மூன்று ஆண்டு கழித்து அதே குழு இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகளிடம் கீரையையும் ஆரஞ்சு நிறப் பழங்களையும் வைத்து ஒப்பிட்டது. பழத்தில் இருக்கும் கரோட்டீன் 12 மைக்ரோகிராம் போனால் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைத்தது. கீரை, கேரட் வழியாகப் போனால் அதே ஒரு மைக்ரோகிராமுக்கு 26 தேவைப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஆறுக்கு ஒன்று என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இலையில் கரோட்டீன் பச்சையத் துகள்களின் புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது. பழத்தில் பெரும்பாலும் எண்ணெய்த் துளிகளில் மிதக்கிறது. கட்டவிழ்ப்பது பழத்தில் எளிது. அதனால் மல்லிக்கு அட்டவணை தரும் வைட்டமின் ஏ மதிப்பை நான் பாதியாகவே எடுத்துக்கொள்கிறேன். பாதியாக எடுத்தாலும் கொய்யாவைவிட மல்லி வெகுவாக முன்னே நிற்கிறது. பப்பாளியும் மாம்பழமும் என்றால் பேச்சு வேறு.

இனி இரும்புக்குத் திரும்புகிறேன். மல்லியால் முடியாதது, கையில் கால் மில்லிகிராம் இரும்பு மட்டுமே வைத்திருக்கும் கொய்யாவால் முடிகிறது. எப்படி?

சோறு, பருப்பு, கீரை, கம்பு, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்காது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேநீரிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அதையே செய்யும். நூறு பங்கு இரும்பு உள்ளே போனால் பல நேரம் பத்துப் பங்குக்கும் குறைவாகத்தான் ரத்தத்தைச் சேரும். அங்கே வைட்டமின் சி இரண்டு வேலை செய்கிறது. குடல் ஏற்காத ஃபெர்ரிக் வடிவ இரும்பை ஏற்கத்தக்க ஃபெர்ரஸ் வடிவமாக மாற்றுகிறது. மாறியதைப் பைட்டேட் மறுபடி பறித்துக்கொள்ளாதபடி தன்னோடு பிணைத்துக் கரைசலாகவே வைத்திருக்கிறது. இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: இரும்பும் வைட்டமின் சியும் ஒரே நேரத்தில் குடலில் இருக்க வேண்டும். காலையில் தின்ற கொய்யா மதியச் சோற்றின் இரும்புக்கு உதவாது.

இதை நம் சோற்றிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குன்னூரில் பிறந்த அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மாதவன் நாயரும் அவருடைய குழுவினரும், வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு அரிசிச் சாப்பாட்டைக் கொய்யா இல்லாமலும் கொய்யாவோடும் கொடுத்து, இரும்பு எவ்வளவு உடலில் சேர்கிறது என்று அளந்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. கொய்யா சேர்ந்தபோது இரும்பு ஏற்பு ஏறத்தாழ இரு மடங்கானது. துத்தநாகத்தில் அப்படி மாற்றம் இல்லை. சோறு அதே சோறு, குழம்பு அதே குழம்பு. பக்கத்தில் ஒரு பழம் வந்து உட்கார்ந்ததால் வந்த மாற்றம். என் வாழ்நாளில் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் மகிழ வைத்தவற்றுள் இதுவும் ஒன்று. மாத்திரையும் பொடியும் வேண்டாத, ஏழை வீட்டிலும் நாளையே தொடங்கக்கூடிய ஒரு வழியை அது காட்டுகிறது.

அளவுக்கு மீறி நம்பிக்கை ஊட்டவும் நான் விரும்பவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் இரு மடங்கு என்பதால் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் இரு மடங்காகிவிடாது. உடல் தன் இருப்பைப் பார்த்துத்தான் குடலின் கதவைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விடவே கூடாது. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாமல் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுகிறவர்கள், கூடவே ஒரு கொய்யாத் துண்டு தின்னலாம். தேநீரை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

‘பழத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னக் கூடாது, வெறும் வயிற்றில்தான் தின்ன வேண்டும்’ என்று இப்போது ஊரெங்கும் சொல்கிறார்கள். கைப்பேசியில் நாள் தவறாமல் வந்து விழும் அறிவுரைகளில் இதுவும் ஒன்று. மற்றப் பழங்களைப் பற்றி அவர்கள் என்ன காரணம் சொன்னாலும், கொய்யாவைச் சாப்பாட்டிலிருந்து பிரிப்பது அதன் மிகப் பெரிய பயனைக் கைவிடுவது. அதேபோல் கொய்யா தின்றால் சளி பிடிக்கும் என்று பிள்ளைகளிடமிருந்து பிடுங்கும் வழக்கம். சளி என்பது வைரஸ் தொற்று. பழம் அதைக் கொண்டுவருவதில்லை.

கொய்யாவை எப்படித் தின்பது? தோலோடு. வைட்டமின் சி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் செறிவாக உள்ளது. தோலைச் சீவுவது அதைக் குப்பையில் போடுவதற்குச் சமம். பிஞ்சு வேண்டாம், அதன் துவர்ப்பு இரும்பு ஏற்புக்கு எதிராகவே வேலை செய்யும். செங்காயும் பழமும் நல்லவை. அளவுக்கு மீறிக் கனிந்து குழைந்ததில் வைட்டமின் சி இறங்கத் தொடங்கியிருக்கும். நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் குறையும். ஜாமாகக் காய்ச்சினால் இன்னும் குறையும், சர்க்கரையும் கூடும். வடிகட்டிய சாற்றில் நார் போய்விடும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவதை நம் பிள்ளைகள் விரும்புகிறார்கள். உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன், மிளகாயைத் தடுக்க மாட்டேன்.

மல்லிக்கு வேறு விதி. வாடிய கட்டில் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் குறைந்துகொண்டே போகும். வாங்கிய உடன் வேரை நறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கழுவுவதில் சோம்பல் கூடாது. தரையை ஒட்டி வளரும் தழை, பாய்ச்சிய நீரில் உள்ள கிருமிகளைச் சுமந்து வரலாம். அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டு, மண் அடியில் தங்கத் தங்க மூன்று நான்கு முறை அலச வேண்டும். அரிந்த பிறகு கழுவாதீர்கள், நீரில் கரையும் சத்து நீரோடு போய்விடும். தனியா என்னும் மல்லி விதைக்கும் தழைக்கும் சத்தில் உறவு குறைவு. விதையில் கரோட்டீன் இல்லவே இல்லை என்று சொல்லலாம். குழம்பில்தான் தினமும் மல்லித்தூள் போடுகிறோமே என்று கணக்குத் தீர்க்க முடியாது.

எச்சரிக்கை ஒன்றிரண்டு. இதய வால்வு அறுவை செய்தவர்களில் சிலர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார்கள். தழையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அவர்கள் மல்லியை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லாமலும் அடுத்த வாரம் தினம் துவையலுமாக மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. ஒரே சீராக இருக்க வேண்டும், மருத்துவருக்கும் தெரிய வேண்டும். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இரண்டையும் கேட்டுத்தான் உண்ண வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொய்யா பகையில்லை. ஒரு பழம் என்ற அளவு போதும்.

இப்போது ‘எது மேல்’ என்ற கேள்விக்கு என் பதிலைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பந்தியின் அளவில் பார்த்தால் கொய்யாதான் மேல். தயங்காமல் சொல்கிறேன். முழுப் பழமாக வயிற்றுக்குள் போகிறது, தன் சத்தைத் தருகிறது, பக்கத்துச் சோற்றின் சத்தையும் பெருக்கித் தருகிறது. மல்லி துவையலாக மாறும் நாளில் மட்டுமே அந்தப் போட்டிக்குள் வருகிறது. வரும்போது கொய்யாவிடம் மிகக் குறைவாக உள்ள கரோட்டீனோடும் வைட்டமின் கேயோடும் வருகிறது. சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, மல்லித் துவையல், இலையோரம் ஒரு கொய்யா. இப்படி ஒரு சாப்பாட்டில் கிட்டத்தட்ட எல்லா ஓட்டைகளும் அடைபடுகின்றன. இதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டலம் சத்துமாவு பானத்தின் செலவில் சிறு பகுதிதான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இதை இந்த அவையின் வழியாக அரசுக்கும் வைக்கிறேன். பள்ளியில் மதிய உணவு என்ற எண்ணத்தைக் காமராசர் 1956இல் செயலாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். முட்டை வந்தது, பயறு வந்தது, இப்போது காலை உணவும் வந்திருக்கிறது. பழம் மட்டும் இன்னும் அன்றாடத் தட்டுக்கு வரவில்லை. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிச் சந்தையில் கொய்யா மலைபோல் குவிகிறது. வரத்து மிகுந்த நாள்களில் விலை சரிந்து விவசாயி வண்டிக் கூலிகூடத் தேறாமல் நிற்கிறார். அதே மாவட்டத்துப் பள்ளிகளில் சோறும் பருப்பும் உண்ணும் பெண் பிள்ளைகள் வாரந்தோறும் இரும்பு மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். பாதிக் கொய்யா, ஐம்பது கிராம், நூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி தரும். பத்து வயதுப் பிள்ளையின் நாள் தேவையைவிட அது அதிகம். சந்தை வரத்து மிகும் மாதங்களில் வாரம் மூன்று நாள், மாவட்ட அளவிலேயே கொள்முதல் செய்து, சுற்று வட்டாரப் பள்ளிகளில் தொடங்கிப் பார்க்கலாம். பழத்தைக் கழுவித் தோலோடு, பிள்ளைகள் பந்தியில் அமர்ந்த பிறகு வெட்ட வேண்டும். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் கொடுக்கக் கூடாது, சோறு பரிமாறும்போதே தட்டில் வைக்க வேண்டும். சத்துணவுக் கூடங்களில் பணிபுரியும் அம்மாமார் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரு பள்ளியில் இதைச் செய்ய எத்தனை கைகள் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், என்னென்ன இடையூறு வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாமல் இருந்து அதை எனக்குச் சொல்லுங்கள். எழுதி வாங்கிக்கொள்ள நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.